வியாழக்கிழமை ஆட்டம்

ஸ்பேனர் வியாழக்கிழமைகளில் கோல்ஃப் மைதானத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். அவருடைய நாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, தன்னந்தனியாகப் பதினெட்டுக் குழியும் ஆடி முடித்து, பொழுது சாய்கிற நேரத்துக்கு வீடு திரும்புவார். அந்த வாரம் என்னவோ கிரகம், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனால், சாவி வைத்திருக்கிறவர் ஊரிலேயே இல்லை என்று வாட்ச்மேன் கையை விரித்துவிட்டார். வீட்டுக்குப் போகலாமென்றால் மனைவி காலையிலேயே திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றி ஊறப் போட்டிருந்தாள். சோப்புத் தண்ணீருக்கும் ஈரத்துணிக்கும் நடுவில் போய் உட்கார்ந்து என்ன செய்வது? வண்டியை மைதானத்துக்குத் திருப்பினார். மட்டைகள் எப்போதும் வண்டியின் பின்பக்கம் குழாய்களோடு குழாயாகக் கிடக்கும்.

ஸ்பேனர் என்பது பட்டப்பெயர். ஆள் பிளம்பர். அந்த மைதானத்தின் புல்லுக்கு அடியில் ஓடுகிற தண்ணீர்க் குழாய்களை ஒரு கோடையில் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். மாதம் முழுக்க மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் விர்ரென்று போகிற பந்துகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. முதல்முதலாக மட்டையைக் கையில் கொடுத்தபோது துருப்பிடித்த நட்டைக் கழற்றப் போகிறவர் மாதிரி இறுக்கிப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வைத்த பெயர் அது. இன்றைக்கும் அதே பிடிதான், பிறகு கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பெரிய இடத்து மைதானமும் இல்லை அது. தபால்காரர், பல் டாக்டர், லாரி ஓட்டுகிறவர் என்று எல்லாரும் வந்து ஆடுகிற நகராட்சி மைதானம். சில இடங்களில் புல்லைவிடக் களை ஜாஸ்தி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்வரை அவர் வண்டியில் பக்கத்து சீட்டில் மகன் உட்கார்ந்து வருவான். இப்போது அங்கே சாமான் பை உட்கார்ந்து வருகிறது. ஒற்றை ஆளாகக் குழாய் வேலை பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று செய்து பார்த்தால்தான் தெரியும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தொட்டிக்கு அடியில் தலையைக் கொடுத்து, எச்சில் வழிய வேலை செய்ய வேண்டும். வெந்நீர் ஹீட்டரைச் சுவரில் மாட்ட ஒருத்தர் தாங்க வேண்டும், ஒருத்தர் போல்ட் போட வேண்டும். ஸ்பேனர் மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டு, முழங்காலால் முட்டுக் கொடுத்து, ஒரு கையால் போல்ட் போடுவார். முடித்ததும் "எப்படிடா இருக்கு?" என்று கேட்க வாய் திறப்பார். யாரைக் கேட்பது, வாளியையா? வாயை மூடிக்கொண்டு கையைக் கழுவுவார்.

சண்டை பெரிய சண்டையும் இல்லை. மகன் போட்ட ஜாயின்ட் எதையும் அவர் தொட்டுப் பார்க்காமல் விட்டதில்லை. தொட்டுப் பார்த்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கழற்றுவார், மறுபடி தானே இறுக்குவார். பையன் பதினைந்து வயதில் கூட வந்தபோது செய்த அதே வேலையை அவனுக்கு மீசை முளைத்து, முப்பதைத் தொடப் போகிற வயதிலும் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் ஒரு ஹோட்டல் சமையலறையில், பாத்திரம் கழுவுகிறவர்கள் முதல் முதலாளி வரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மகன் அப்போதுதான் முடித்து வைத்த ஜாயின்ட்டை அவர் கழற்றினார். மகன் கையிலிருந்த ரெஞ்ச்சைத் தரையில் வைத்தான். "இனிமே எல்லாத்தையும் நீங்களே இறுக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். அடுத்த வாரம் போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அந்தக் கம்பெனியின் பெயர் எழுதிய வண்டி தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றதைப் பார்த்ததும் ஸ்பேனருக்குக் கண்மண் தெரியாத கோபம். "நான் இருக்கற வீட்டுல உன் காலடி படக்கூடாது" என்றார். அவனும் துணிமணியை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நூறு தடவை நினைத்தார். போனை எடுப்பார், வைப்பார். மனைவியாவது "அவனைக் கூப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று பார்த்தார். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு வருஷமாக எடுக்கவில்லை. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பக்கத்து வீட்டுக் கதை சொல்லுவாள், மகன் என்கிற சொல் மட்டும் வராது. இது தனக்குப் போட்ட தண்டனை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை மைதானத்தில் வழக்கமான ஸ்டார்ட்டர் லீவு. ஆட வருகிறவர்களை வரிசைப்படுத்தி முதல் குழிக்கு அனுப்புகிற வேலை அது. தனியாக வருகிறவரை இன்னொரு தனி ஆளோடு கோத்துவிடுவது அங்கே வழக்கம். பழைய ஸ்டார்ட்டருக்கு ஸ்பேனரைப் பற்றித் தெரியும், தனியாகவே விட்டுவிடுவார். புது ஆளுக்கு என்ன தெரியும்?

"சார் ஒருத்தர்தானா?"

"ஆமா."

"அதோ, அங்க இன்னொருத்தரும் ஒத்தையா நிக்கறார். சேர்ந்து போயிடுங்க."

"நான் தனியாவே ஆடிக்கறேனே."

"அதெல்லாம் முடியாது சார். பின்னாடி நாலு பேர் செட்டு ஒண்ணு வருது. நல்ல பையன்தான், வியாழக்கிழமையானா தவறாம வருவார்னு சொன்னாங்க."

நல்ல பையன் திரும்பிப் பார்த்தான். அவருடைய மகன்தான். மகன் கொஞ்சம் இளைத்திருந்தான். தொப்பி புதுசு, மட்டைப் பை மட்டும் அவர் வாங்கிக் கொடுத்த அதே பழைய பச்சைப் பை.

மகன் அவரைப் பார்க்காமல் ஸ்டார்ட்டரிடம் கேட்டான்: "இன்னைக்கு வியாழன்தானே?"

"காலைலேர்ந்து வியாழன்தான் தம்பி" என்றார் ஸ்டார்ட்டர்.

இரண்டு பேரும் அப்போதே ஒரு சாக்குச் சொல்லிவிட்டுக் கழன்றிருக்கலாம். ஆனால் முதலில் கிளம்புகிறவன் தோற்றவன் ஆகிவிடுவானே. அப்பனுக்கும் மகனுக்கும் அந்த விஷயத்தில் ஒரே ரத்தம். மகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் குழியை நோக்கி நடந்தான். பின்னாலேயே நடந்த ஸ்பேனர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். பதினெட்டுக் குழி. எப்படியும் நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வாடா. அவ்வளவுதான். அதைச் சொல்ல நாக்கு வரவில்லையென்றால் இந்த ஜென்மத்தில் வேறு எப்போது வரும்?

வானம் மூடியிருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. காலையில் பெய்த தூறலில் புல் நனைந்து, செருப்பு மாற்றி ஷூ போடுவதற்குள் காலுறை ஈரமாகிவிட்டது.

கோல்ஃபில் ஒரு வசதி உண்டு. ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் ஆட்டம் நின்றுவிடாது. யார் பந்து குழிக்குத் தூரமாகக் கிடக்கிறதோ அவர் முதலில் அடிக்க வேண்டும், மற்றவர் அசையாமல் நிற்க வேண்டும். ஒருத்தர் அடிகளை இன்னொருத்தர் எண்ண வேண்டும். குழி முடிந்ததும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று குழிக்கு அவர்கள் பேசியதெல்லாம் இதுதான்.

"அஞ்சு."

"ஆறு."

"ம்."

பந்து எந்தக் கம்பெனி, என்ன நம்பர் என்று முதல் குழியிலேயே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வது முறை. அதைக்கூட இருவரும் சொல்லவில்லை. அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. கூட ஆடுகிறவருக்கு எப்படி அடிக்க வேண்டும் என்று யோசனை சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவர் கணக்கில் இரண்டு அடி ஏறும். மற்றவர்களுக்கு இது ஒரு சட்டம், ஸ்பேனருக்கு வாயில் போட்ட பூட்டு. நாலாவது குழியில் மகன் இடது தோளை ரொம்பத் திறந்துகொண்டு நின்றான். பந்து வலப்பக்கம் மரத்துக்குள் போகப் போகிறது, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஸ்பேனருடைய கை தானாக உயர்ந்தது, தொண்டையில் சத்தம் ஒன்று புறப்பட்டது.

"சொல்லிடாதீங்க" என்றான் மகன், நிமிராமலே. "ரெண்டு அடி ஏறிடும்."

ஸ்பேனர் கையை இறக்கிக்கொண்டார். மகன் அப்படியே நின்று அப்படியே அடித்தான். பந்து வலப்பக்கமாகக் கிளம்பி, மரத்துக்கு முன்னால் காற்று பிடித்து வளைத்து, நடுவில் கொண்டுவந்து போட்டது. அங்கே வலப்பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்பதை ஸ்பேனர் கவனிக்கவில்லை. இவன் கவனித்திருக்கிறான். எங்கே கற்றுக்கொண்டான்? யாரும் சொல்லித் தராமலும் ஒருத்தன் கற்றுக்கொள்வான் போலிருக்கிறது என்று நினைத்தார்.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இன்னொருத்தன் ஆட்டத்தைத் திருத்துகிற வேலை கையை விட்டுப் போனதும் ஸ்பேனருக்குத் தன் ஆட்டத்தைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. ஐந்தாவது குழியில் அடித்த பந்து மட்டையின் நடுவில் சரியாகப் பட்டது. கையில் அதிர்வே இல்லை. சத்தம் மட்டும் "டக்" என்று. அந்தச் சத்தத்துக்காகத்தான் மனிதர்கள் வாரா வாரம் வந்து அல்லாடுகிறார்கள். பந்து போய் விழுகிற வரைக்கும் அவர் மட்டையைக் கீழே இறக்கவில்லை.

"நல்ல அடி" என்றான் மகன்.

இதுவும் அங்கே மரியாதைக்குச் சொல்வதுதான், யாரோடு ஆடினாலும் சொல்வார்கள். ஸ்பேனருக்கு அது தெரியும். இருந்தாலும் அடுத்த குழி வரைக்கும் அந்த இரண்டு வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே நடந்தார்.

ஒன்பதாவது குழி முடிந்ததும் ஒரு சிமென்ட் பெஞ்சு. எல்லாரும் அங்கே உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியை ஆடுவார்கள். காலையில் வேலைக்கென்று மனைவி கட்டிக் கொடுத்த டப்பா ஸ்பேனரிடம் இருந்தது. ரொட்டிக்கு நடுவில் முட்டைப் பொரியல், மிளகு தூக்கலாக. மகனிடம் தண்ணீர் பாட்டிலைத் தவிர ஒன்றும் இல்லை. ஸ்பேனர் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

"சாப்பிடு."

"உங்களுக்குப் பத்தாது."

"பத்தும். சாப்பிடு."

மகன் வாங்கிக்கொண்டான். சாப்பிட்டான். விரலைத் துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான். ஸ்பேனர் காத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து அம்மா கையால் ஒரு வாய் சாப்பிடுகிறான். கண் கலங்க வேண்டாம், ஒரு பெருமூச்சாவது விடமாட்டானா? "அம்மா எப்படி இருக்காங்க?" என்று ஒரு கேள்வி கேட்கமாட்டானா? அவன் என்னவென்றால் பத்தாவது குழிப் பக்கம் பார்த்து, காற்று திரும்பியிருக்கிறதா என்று புல்லைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்பேனருக்கு உள்ளே கொதித்தது. என்மேல் கோபம் என்றால் சரி, என்னைக் கேட்க வேண்டாம், பெற்றவள் என்ன செய்தாள்? பத்து மாதம் சுமந்தவளை இப்படியா ஒருத்தன் துடைத்துப் போடுவான்? வீட்டுக்கு வா என்று சொல்ல எடுத்து வைத்திருந்த வார்த்தையை உள்ளேயே மடக்கி வைத்துக்கொண்டார். இப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு என்ன ஆகப் போகிறது? பத்து, பதினொன்று இரண்டு குழியும் வெறுப்போடு ஆடினார். ஆச்சரியம், வெறுப்போடு ஆடியும் பந்து சொன்ன பேச்சைக் கேட்டது.

பன்னிரண்டாவது குழியில்தான் அந்தக் கூத்து நடந்தது. இருவர் பந்தும் வலப்பக்கம் உயரமான புல்லுக்குள் போய்விட்டது. ஆளுக்கொரு பக்கம் புல்லை விலக்கித் தேடினார்கள். ஆளுக்கொரு பந்து கிடைத்தது. ஆளுக்கொரு அடி அடித்தார்கள். இரண்டும் அழகாகக் குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றன. இருவரும் அங்கே போனபிறகு மகன் குனிந்து பந்தை எடுத்தான், திருப்பிப் பார்த்தான்.

"இது என் பந்து இல்ல."

"என்ன?"

"உங்க பந்தைக் காட்டுங்க."

இரண்டும் ஒரே கம்பெனிப் பந்து. இரண்டிலும் ஒரே நம்பர். இரண்டிலும் சிவப்பு மையில் சாய்வாக ஒரு கோடு. குழாய் வேலையில் ஒரு ஜாயின்ட்டை இறுக்கி முடித்ததும் அதன்மேல் அப்படி ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். இது முடிந்தது, இனி யாரும் தொட வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். வருஷக் கணக்கில் ஜாயின்ட் போட்ட கைக்குப் பந்தைக் கொடுத்தாலும் அதே கோடுதான் வரும். பந்துக்குப் புள்ளி வைக்கிறவர்கள் உண்டு, பூ வரைகிறவர்கள் உண்டு, தன் பெயரை எழுதுகிறவர்கள் உண்டு. இந்தக் கோடு போடுகிறவர்கள் அந்த மைதானத்திலேயே இரண்டு பேர்தான். இரண்டு பேரும் பேசாமல் ஆட வந்து, பந்தை மாற்றி அடித்துவிட்டார்கள்.

"எது யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் ஸ்பேனர்.

மகன் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "இது உங்களுது. கோட்டுமேல மறுபடியும் ஒரு கோடு இழுத்திருக்கு. ஒரு தடவை இழுத்தா உங்களுக்கு நம்பிக்கை வராதே."

ஸ்பேனர் பந்தை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். இரண்டு தடவை இழுத்திருந்தது. தான் இழுத்தது அவருக்கே ஞாபகம் இல்லை. முதலில் முகம் சுண்டியது. அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வந்துவிட்டது. மகனும் சிரித்துவிட்டான்.

மாற்றி அடித்தால் ஆளுக்கு இரண்டு அடி ஏறும், திரும்பிப் போய் அவரவர் பந்தை அந்தந்த இடத்திலிருந்து அடிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து அந்த உயரமான புல்லுக்குத் திரும்பி நடந்தார்கள். பின்னால் வந்த நாலு பேர் செட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. அதில் ஒருத்தர் பல் டாக்டர்.

"என்ன சார், போன பாதையிலேயே திரும்பி வர்றீங்க?"

"பந்து மாறிடுச்சு டாக்டர். ரெண்டுத்துலயும் ஒரே கோடு" என்றார் ஸ்பேனர்.

"ஒரே கோடா? ஒரே வீட்டு ஆளுங்களா என்ன?" என்று டாக்டர் கிண்டலாகக் கேட்டார்.

ஸ்பேனர் மட்டையால் புல்லை விலக்கினார். மகன் குனிந்து பந்தை வைத்துக்கொண்டே, "ஆமா" என்றான்.

அதன்பிறகு பேச்சு கொஞ்சம் வந்தது. பெரிய பேச்சு இல்லை. கம்பெனியில் இப்போதெல்லாம் சுவருக்குள் கசிவு இருந்தால் உடைக்காமலே காதில் மாட்டிக் கேட்கிற கருவி வந்திருக்கிறது என்றான் மகன். "சத்தம் கேக்குமா?" என்றார் இவர். "கேக்கும். பக்கத்து வீட்டு மாமியார் மருமக சண்டைகூடக் கேக்கும்." மழை வருமா வராதா என்று ஒரு குழி முழுக்கப் பேசினார்கள். அம்மாவைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. பதினாலாவது குழியில் இவரே பொறுக்க முடியாமல் சொன்னார்.

"உங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு."

"ம்."

"ம்னா?"

"இப்போ நல்லாத்தானே இருக்காங்க?" என்று சொல்லிவிட்டு அவன் பந்தைத் தேடிப் போனான். அதென்ன பதில்? கேள்வியா, பதிலா என்றே புரியவில்லை.

ஆட்டம் என்னவோ அவர் கையை விட்டு நழுவவில்லை. பதினேழாவது குழி முடிந்தபோது மகன் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "கடைசிக் குழியை அஞ்சுல முடிச்சா எண்பத்தொன்பது" என்றான். ஸ்பேனர் இத்தனை வருஷத்தில் தொண்ணூறுக்குக் கீழே போனதே இல்லை. அடி எண்ணிக்கை குறையக் குறையத்தான் கோல்ஃபில் மதிப்பு. தொண்ணூறு என்கிற சுவரில் முட்டி முட்டித் திரும்பியவர். இன்றைக்கு எண்பத்தொன்பது வந்தால், அதுவும் அந்த இரண்டு அடி அபராதத்தையும் சேர்த்து.

"ஏண்டா சொன்னே? இனிமே கை நடுங்கும்."

"அது யோசனை இல்லையே. கணக்குதானே?" என்றான் மகன்.

முதல் அடி சுமார். இரண்டாவது மணல் பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று உயிரைக் காப்பாற்றியது. மூன்றாவதைத் தூக்கிக் கொடிக்குப் பக்கமாகப் போட்டார். நாலாவது உருட்டியது குழியின் விளிம்பில் போய் நின்றுவிட்டது. ஐந்தாவதைத் தட்டினார். பந்து உள்ளே விழுந்து அடியில் மோதுகிற சத்தம் கேட்டது.

அவருக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. இந்த வயதில் குதித்தால் யாராவது தூக்கிவிட வேண்டும் என்பதால் சும்மா நின்றார். மனசு நிறைந்து போயிருந்தது. ஓர் ஆயுளில் இப்படி ஓர் ஆட்டம் போதும் என்று தோன்றியது.

ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கைகொடுப்பது அங்கே வழக்கம். மகன் தொப்பியைக் கழற்றினான். முன்வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. கையை நீட்டினான். ஸ்பேனர் அந்தக் கையைப் பிடித்தார், விடவில்லை.

"வீட்டுக்கு வாடா" என்றார்.

சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இதற்கா இரண்டு வருஷம்? மகன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வந்துக்கிட்டுதாம்பா இருக்கேன்."

"எங்க?"

"வீட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. நீங்க ஆட வந்தப்புறம்."

ஸ்பேனருக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. மகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் வீட்டை விட்டுப் போன மறு வாரமே அம்மா போன் பண்ணாங்க. அவர் இருக்கும்போதுதானே வரக்கூடாதுன்னார், இல்லாதப்ப வர்றதுக்கு என்னன்னாங்க. அதுலேர்ந்து வர்றேன். அம்மா கண்ணுக்கு ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரியிலேர்ந்து நீங்க சாப்பாடு எடுக்கப் போன நேரத்துல நான்தான் பக்கத்துல இருந்தேன். கிச்சன் குழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சே, வாஷர் மாத்தினது நான்தான்."

"அது தானா நின்னுடுச்சுன்னு நெனைச்சேன்."

"இத்தனை வருஷமா குழாய் வேலை பாக்கறீங்க. எந்தக் குழாய்ப்பா தானா நிக்குது?"

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஸ்பேனருக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா பிள்ளையைப் பிரிந்திருக்கிறாள், பிள்ளை அம்மாவைப் பிரிந்திருக்கிறான், தன்னால் ஒரு குடும்பம் மூன்று துண்டாகக் கிடக்கிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்து நினைத்து உருகினார்? குடும்பம் ஒன்றும் துண்டாகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டு மேஜையில் சோறு போட்டிருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள், சிரித்தும் இருப்பார்கள். வெளியே நின்றவர் அவர் ஒருத்தர்தான். ஒற்றை ஆளாகக் கொடியைப் பார்த்துப் பந்து அடித்துக்கொண்டு.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"நாளைக்கு வெள்ளி" என்றார்.

"ஆமா. நாளைக்கும் வர்றதாத்தான் இருந்தேன். நீங்க இன்னைக்கே ஆடிட்டீங்க. நாளைக்கு வீட்டுலதானே இருப்பீங்க? அடுத்த வாரம் போய்க்கறேன்."

"நான் இருக்கும்போதே வாயேன். நானும் இருக்கேன்."

மகன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேணாம்பா. இப்போ வேணாம். நாம ரெண்டு பேரும் எதிர எதிர உக்காந்தா அம்மா ஒரு வாய் சாப்பிட மாட்டாங்க. எப்போ யாரு என்ன சொல்லுவாங்களோன்னு ரெண்டு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருப்பாங்க. இந்த ஒரு பொழுதுதான் அவங்க நிம்மதியா இருக்காங்க. கொஞ்ச நாள் போகட்டும்."

"எவ்வளவு நாள்?"

"தெரியலப்பா."

தெரியவில்லை என்று பொய் சொல்லாமல் சொன்னானே, அதற்கு மேல் அவனை என்ன கேட்பது? ஸ்பேனர் கையை விட்டார். மகன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். இரண்டடி போனவன் திரும்பி, "எண்பத்தொன்பது. நானே எண்ணினேன், சரியா இருக்கு" என்றான். பிறகு கம்பெனி வண்டியில் ஏறிப் போய்விட்டான். நாலு பேர் செட்டு சிரித்துக்கொண்டே ஆட்டத்தை முடித்துக்கொண்டு வரும்வரை ஸ்பேனர் அங்கேயே நின்றிருந்தார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி பின்பக்கம் திரைச்சீலைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை ஈரம்.

"மோட்டார் வேலை முடிஞ்சுதா?"

"சாவி இல்ல. ஆட்டத்துக்குப் போயிட்டேன்."

அவள் பிழிவதை நிறுத்தினாள். "இன்னைக்கா? இன்னைக்கு வியாழனாச்சே."

"வேற வேலை இல்ல. அதான்."

"அப்போ..." என்றாள். துணியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை. "அப்போ நாளைக்குப் போக மாட்டீங்களா?"

சாதாரணமாகக் கேட்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. கொல்லையில் நின்று ஒரு பெண் இவ்வளவு பயத்தோடு இவ்வளவு சின்னக் கேள்வியைக் கேட்டு ஸ்பேனர் பார்த்ததில்லை. தெரியும் என்று சொல்லிவிடலாமா? எல்லாம் தெரியும், அவனோடுதான் ஆடினேன், எண்பத்தொன்பது அடித்தேன், அவன்தான் எண்ணினான் என்று சொன்னால் என்ன? சொன்னால் அவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள். அப்புறம் அந்தப் பையன் சொன்னதுபோல மாற்றி மாற்றி மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு பொழுதும் போய்விடும். தான் கிளம்பிப் போய்விட்டால் அவளே அவனுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டுக்கொள்வாள்.

"ஏன் போகாம?" என்றார். "நாளைக்கு ரெண்டு ஆட்டம் ஆடலாம்னு இருக்கேன். காலைலயே கிளம்பிடுவேன். இருட்டினப்புறம்தான் வருவேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த துணியை மெதுவாகக் கொடியில் போட்டு, சுருக்கம் எடுத்துவிட்டாள்.

"அவ்வளவு நேரம் தனியா என்னங்க பண்ணுவீங்க?" என்றாள்.

"மெதுவா ஆடுவேன்" என்றார் ஸ்பேனர்.